உழவு இயந்திரமும் யாழ்ப்பாணத்துச் சிறுநிலமும்

உற்பத்திக் கருவிகளின் வளர்ச்சியைக் குதிரைவலுவினால் மாத்திரம் அளப்போர் பலர். டர்போ பொருத்திய உழவு இயந்திரம் முன்னேறியது, பொருத்தாதது பின்தங்கியது என்னும் கணிப்பு அவ்வழி வந்ததே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இக்கணிப்பை ஐயுற வைக்கின்றது.

சாதாரண எஞ்சினில், பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் இழுவையினாலேயே காற்று உட்புகுகின்றது. டர்போவிலோ வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுழற்ற, அதன் வலுவினாற் காற்று அமுக்கி உட்செலுத்தப்படுகின்றது; கூடிய எரிபொருள் எரிந்து கூடிய வலு கிடைக்கின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1961 இல், அமெரிக்காவின் அலிஸ் சாமர்ஸ் டி-19 உடனேயே அது பண்ணைக்கு வந்தது. குறைந்த கூலியாட்களைக் கொண்டு பரந்த நிலத்தை விரைந்து உழவேண்டிய மூலதனத்தின் தேவையே அதனை அங்கு கொணர்ந்தது.

பதினாறு பரப்பை ஓர் ஏக்கராக எண்ணும் குடாநாட்டில் அத்தேவை எழவில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை மண்வெட்டியே கொத்தியது. அங்கு எஞ்சின் முதலில் இடம்பிடித்தது கிணற்றடியில். துலா மிதிக்க நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் அமர்த்தப்பட்டனர்; நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது அவர்தம் உடல்வருத்தம் நீங்கியது, கூலியும் உடன் நீங்கியது. (துலாவைப் பற்றி ஏக்கத்துடன் எழுதுவோர் அதை மிதித்தவரல்லர்.)

வயலிலோ நிலைமை வேறு. குடாநாட்டு நெல் மழையை நம்பியது. ஐப்பசி மழைக்கு முன்பின்னான சில நாட்களில் எல்லா வயல்களும் ஒருங்கே உழவை வேண்டி நிற்கும். மஸி பேர்குசன் 135 போன்ற, ஏறத்தாழ 45 குதிரைவலுவுடைய, டர்போ அற்ற மூன்று உருளை இயந்திரம் இதற்குப் போதுமானதாயிருந்தது. ஆனால் அது யாருடையது? உழவுமாட்டை விற்றுவிட்ட சிறு கமக்காரன் வாடகைக்குக் காத்திருந்தான். எவன் வயல் முதலில், எவனது கடைசியில் என்பதை இயந்திர உடைமையாளனே தீர்மானித்தான். பிந்திய உழவு பிந்திய விதைப்பு, நட்டமும் காத்திருந்தவனுக்கே.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைக்குள்ளாயின. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போ, தூய எண்ணெய் இன்றேல் விரைவிற் பழுதாகும். எளிய எஞ்சினையோ ஊர்ப் பட்டறையிற் பிரித்துப் பூட்டலாம். தடைக்காலத்தில் இந்த எளிமையே அதன் பலம்.

2009 இன் பின்னர் பெரிய அறுவடை இயந்திரங்கள் கிளிநொச்சி வயல்களுக்கும் வந்தன. அவற்றிற் பலவும் நிதி நிறுவனங்களின் தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. மணிக்கணக்கிலோ ஏக்கர்க்கணக்கிலோ வாடகை அறவிடப்படுகின்றது. சிறு கமக்காரன் இப்போது அறுவடைக்கும் வரிசையில் நிற்கின்றான்.