ரூத்வெல் கற்சிலுவை

இடைக்காலத்தில் நாட்டப்பெற்ற கற்சிலுவைகள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன். ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், சால்வே கழிமுகத்தை அடுத்து, ரூத்வெல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள சிலுவை எட்டாம் நூற்றாண்டினது. ஏறத்தாழ 18 அடி உயரம். அந்நாளில் அப்பகுதி நார்தம்பிரியா என்னும் ஆங்கில அரசைச் சேர்ந்திருந்தது.

இரு முகங்களில் விவிலியக் காட்சிகள். இயேசுவின் பாதத்தைத் தன் கூந்தலால் துடைக்கும் பெண்ணின் உருவம் அவற்றுள் ஒன்று. பக்கங்களில் கொடியும், அதன் கனிகளைக் கொத்தும் பறவைகளும். கொடியின் ஓரமாக ரூனிக் என்னும் பழைய கோட்டெழுத்துகள் ஓடுகின்றன.

இச்சிலுவையை உடைத்தவர்கள் அயல்நாட்டுப் பகைவரோ வேற்றுச் சமயத்தாரோ அல்லர். உருவங்கள் விக்கிரக வணக்கத்துக்கு வழிவகுக்கும் என்று கருதி, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையே 1640-இல் அவற்றை அகற்ற ஆணையிட்டது. 1642-இல் சிலுவை தகர்க்கப்பட்டது. துண்டுகள் ஆலயத்துள்ளும், பின்னர் இடுகாட்டிலும் கிடந்தன.

அவற்றைத் தேடிச் சேர்த்தவர் அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன். ஏழைகளுக்காக 1810-இல் சேமிப்பு வங்கி தொடங்கிய அதே டங்கன்தான்! 1823-இல் சிலுவையை மீண்டும் நிறுத்தினார். குறுக்குக் கைகள் அகப்படாமையால் புதியனவாகச் செய்து பொருத்தினார். இன்று நாம் காணும் கைகள் அவையே.

எழுத்துகளின் பொருளை 1840-இல் கெம்பிள் என்னும் அறிஞர் வெளியிட்டார். இயேசுவைத் தாங்கிய சிலுவை தானே வாய்திறந்து அவர் பட்ட துயரைக் கூறும் பழைய ஆங்கிலக் கவிதை வரிகள் அவை. இத்தாலியின் வெர்செல்லி நகரில் 1822-இல் கண்டறியப்பட்ட பத்தாம் நூற்றாண்டுச் சுவடியில் அதே கவிதை விரிவாக இருந்தது! உடைப்பில் சிதைந்துபோன சொற்கள் பலவற்றை அச்சுவடியைக் கொண்டு ஊகிக்க முடிந்தது.

1887-இல் ஆலயத்தோடு தனி மாடம் ஒன்று கட்டி, தரையைப் பள்ளமாக்கி, அதனுள் சிலுவையை நிறுத்தினர். இன்று அது அரசின் பாதுகாப்பில் உள்ளது. டங்கனின் தொண்டைப் போற்றுகிறேன். எனினும், அவர் புதுக் கைகளைச் சேர்க்காது விட்டிருக்கலாம் என்பதே என் கருத்து. எழுத்துகளின் செய்தியில் அத்தகைய துணிவு எவருக்கும் வரவில்லை. சிதைந்தவற்றை ஏட்டில் நிரப்பினார்களேயன்றி, கல்லில் எவரும் உளி வைக்கவில்லை.