திண்ணையும் மறதியும்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில், முதுமை மறதி கண்டவர்களை அந்நாளில் கூட்டுக்குடும்பமே காத்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். காத்ததில் பெரும்பங்கு தெருவுக்கும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை ஊரே அறியும். வழி தெரியாமல் படித்துறைப் பக்கம் போனால், யாராவது கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டும், கோயில் மணியோடு நாளும் ஒரே ஒழுங்கில் நகர்ந்ததால், நினைவு தவறியவருக்கும் பழக்கம் துணை நின்றது. ஆனால் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் இரவில் கண்விழிப்பதும் மகள், மருமகள் தலையில்தான் விழுந்தன. அதை யாரும் வேலையாகக் கணக்கில் வைக்கவில்லை.

அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது என்று கேட்கலாம். 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. குழந்தை இறப்புகள் அந்தக் கணக்கைக் குறைத்தன என்றாலும், முதுமையை எட்டியவர்களும் குறைவே. அந்த ஏற்பாடு பெரும் சுமையைத் தாங்கிப் பார்த்ததில்லை. இன்று 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் முதுமை மறதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. பிள்ளைகளோ வெளியூரில். ஆகவே பழைய குடும்பத்தை மீட்கச் சொல்வது, பெண்கள் மீது மறுபடி பாரம் ஏற்றுவதாகும். தெரிந்த முகங்களையும் மாறாத நாளொழுங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஊர்தோறும் பகல்நேரப் பராமரிப்பு மையமும் ஊதியம் பெறும் பராமரிப்பாளரும் வேண்டும். 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மறதிக்கான பரிசோதனையும் அதே வாசலுக்கு வர வேண்டும்.