ஏழு தந்திரங்களும் ஒரு போரும்

பள்ளி மாணவர்க்குச் செய்தித்தாளையும் விளம்பரத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதை நம்மில் பலர் அண்மைக் காலத்துக் கருத்தாகவே எண்ணுகிறோம். கைப்பேசியில் வதந்தி பரவத் தொடங்கிய பின்னரே இத்தேவை எழுந்தது போலப் பேசவும் செய்கிறோம். உண்மையில் அதன் வரலாறு 1930களுக்குச் செல்கிறது. அவ்வரலாற்றில் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் இயங்கி மறைந்த ஓர் அமெரிக்க நிறுவனம் உண்டு. அது தோன்றிய விதத்தைவிட மறைந்த விதமே ஆசிரியர்களாகிய நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கதை 1918 ஜூன் 16 அன்று, ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் தொடங்குகிறது. சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் அங்கே போருக்கு எதிராகப் பேசினார். கேட்டுக் குறிப்பெடுத்தவர்களுள் கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றின் இளம் நிருபரான கிளைட் மில்லரும் ஒருவர். பின்னர் நடந்த வழக்கில் மில்லர் டெப்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1920இல் சிறையிலிருந்தவாறே அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றதும், 1921 இறுதியில் விடுதலையானதும் பலரும் அறிந்தவை. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன நிருபர் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசின் போர்ப் பிரச்சாரம் தம்மையும் ஆட்கொண்டிருந்தது என்பதை மில்லர் உணர்ந்தார்.

அவரே பின்னாளில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றினார். பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபிலீனின் பொருளுதவியோடு 1937இல் நியூயார்க்கில் ‘பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம்’ உருவாயிற்று. அதன் மாத வெளியீடுகளும் பயிற்சி ஏடுகளும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஏழு தந்திரங்களின் பட்டியல்: இழிபெயர் சூட்டுதல், பளபளக்கும் பொதுச்சொற்களைப் பெய்தல், கொடி, கோயில் போன்றவற்றின் மதிப்பைத் தம் கருத்துக்கு ஏற்றிக்கொள்ளுதல், பெரியோரைச் சாட்சிக்கு அழைத்தல், ‘நானும் உங்களைப் போல எளியவனே’ எனல், சாதகமானவற்றை மட்டும் அடுக்குதல், ‘எல்லாரும் வந்துவிட்டார்கள், நீயும் வா’ எனல்.

1939இல் ஆல்ஃப்ரட் லீ, எலிசபெத் லீ இருவரும் இந்நிறுவனத்துக்காக ‘பிரச்சாரத்தின் நுண்கலை’ என்னும் நூலைத் தொகுத்தனர். வானொலி வழியே பல லட்சம் பேரைக் கவர்ந்து, யூத வெறுப்பையும் விதைத்துவந்த பாதிரியார் காஃப்லினின் உரைகளை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தத் தந்திரம் என்பதைச் சிறு சின்னங்களால் வரிகளுக்கிடையே குறித்துக் காட்டிய நூல் அது. உரையாசிரியர் மரபில் பழகிய நமக்கு அதன் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. சொல்லைப் பிரித்து, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்கும் முறைதான்.

இதற்கு முன்பே 1933இல் இங்கிலாந்தில் எஃப். ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்ப்சனும் ‘பண்பாடும் சூழலும்’ என்ற நூலை எழுதியிருந்தனர். விளம்பரங்களையும் மலிவுப் புனைகதைகளையும் வகுப்பில் பகுத்தாய்வதற்கான பயிற்சிகள் அதில் இருந்தன. வாசிப்பில் கூர்மை மிக்க நூல். ஆனால் வெகுமக்கள் ரசிப்பது அனைத்தும் தாழ்ந்தது என்ற முடிவை முன்னரே எடுத்துக்கொண்டு, பழைய கிராம வாழ்வை எண்ணி ஏங்கிய நூலும்கூட. மில்லரின் நிறுவனத்திடம் அந்த ஏளனம் இல்லை. ‘எதைச் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று பார்’ என்பதோடு அது நின்றது.

பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. அணியிலக்கணம் கற்ற மாணவன் ‘இது உவமையணி’ என்று எழுதிவிட்டுச் செய்யுளை மறந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஏழு பெயர்களை மனப்பாடம் செய்தவனும் பெயரொட்டிவிட்டு வாசிப்பை நிறுத்திவிடக்கூடும். எல்லாமே ஏமாற்று என்ற அவநம்பிக்கையை இம்முறை வளர்த்துவிடும் என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. அது முற்றிலும் பொய்யான கண்டனம் அன்று.

எனினும் நிறுவனம் மூடப்பட்டதற்கு இக்குறை மட்டும் காரணம் அன்று. ஐரோப்பாவில் போர் மூண்டபின் அது ஜெர்மானியப் பிரச்சாரத்தை மட்டுமன்றிப் பிரிட்டிஷ் பிரச்சாரத்தையும் ஆராய்ந்தது. நண்பனையும் பகைவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1941 டிசம்பரில் முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே, 1942 ஜனவரியில், நிறுவனம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பணமுடையும் இருந்தது. ஆனால் போர்க்காலத்தில் தம் அரசின் சொற்களையும் அதே நிதானத்தோடு பகுத்தாய்ந்தால் அது தவறாகப் பொருள்கொள்ளப்படும் என்ற தயக்கமே முதன்மையானது. ஒரு போரின் பிரச்சாரத்துக்கு இரையாகியதை உணர்ந்த மனிதர் கட்டிய பள்ளி, அடுத்த போர் வந்ததும் கதவடைத்தது. ஹிட்லரை எதிர்த்த அப்போர் 1918ஐப் போன்றது அன்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை.

பின்வந்தோர் கேள்வியையே மாற்றிப் பார்த்தனர். இங்கிலாந்தில் லென் மாஸ்டர்மன் 1980இலும் 1985இலும் எழுதிய நூல்கள், ‘இது ஏமாற்றா?’ என்பதற்கு மாறாக, ‘இது எவ்வாறு கட்டப்பட்டது, யார் பொருட்டு, யாருடைய பணத்தில்?’ என்று கேட்கச் சொல்லின. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1987இல் ஊடகக் கல்வியை மேனிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. எல்லா ஊடகப் பிரதியும் கட்டப்பட்டதே என்னும்போது, நமக்குப் பிடித்த பிரதியும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

நம் வகுப்பறைக்கு வருவோம். முகப்பூச்சு விளம்பரத்தைக் கொடுத்தால் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் பேச்சென்றால் இன்னும் விரைவு. தாம் போற்றும் தலைவரின் உரையைக் கொடுக்கும்போது அறை அமைதியாகிவிடுகிறது. அந்தத் தாளைக் கொடுக்க நாமே தயங்கிய நாட்களும் உண்டு. அவர்களுக்குப் பிடித்த தலைவர் சில வேளை நமக்கும் பிடித்தவராக இருந்தார். 1942இன் தயக்கத்தை அப்போதுதான் உள்ளிருந்து புரிந்துகொண்டோம். இப்போது அந்தப் பாடத்தை நாம் அங்கிருந்தே தொடங்குகிறோம். விளம்பரம் பிறகு வருகிறது.