காரைக்காலின் ஈரக்காற்றும் இரட்டைக் கோபுரமும்

காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் பல வால்வுகளைத் திறந்து மூடுவது அழுத்தப்பட்ட காற்றே. அதில் ஈரம் இருந்தால் குழாய் துருப்பிடிக்கும், துரு போய் நுண்துளைகளை அடைக்கும், வால்வு சொன்னபடி கேட்காது.

கடலோரக் காற்று 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 8 கன மீட்டரை ஒன்றாக அமுக்கினால் 190 கிராம் சேர்ந்துவிடும். அது மறுபடி 30 டிகிரிக்கு ஆறும்போது 30 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி தண்ணீராகி விடுவதால் வடித்துவிடலாம். ஆவியாக ஒளிந்திருக்கும் அந்த 30 கிராம்தான் தொல்லை.

அதைப் பிடிக்க உதவுவது பரப்புக் கவர்ச்சி. அமெரிக்க வேதியியலாளர் வால்டர் பேட்ரிக் 1919இல் சிலிக்கா ஜெல் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன் கணக்கற்ற நுண்துளைகளில் நீராவி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நனைந்த ஜெல்லை மீண்டும் உலர்த்தச் சூடாக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் நேரமும் எரிபொருளும் செலவாகும்.

இந்தச் சூட்டையே வேண்டாம் என்றவர் எஸ்ஸோ நிறுவனத்தின் சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம். 1958இல் விண்ணப்பித்த அவருக்கு 1960இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு கோபுரங்கள், ஒன்று அழுத்தத்தில் ஈரத்தை உறிஞ்சும்போது மற்றொன்றில் அழுத்தத்தை இறக்கி, உலர்ந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி ஊதினால் ஈரம் வெளியேறிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோபுரங்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். ஈரம் ஒட்டும்போது பிறந்த வெப்பம் தப்பிப்பதற்குள் அதுவே ஈரத்தை விரட்டவும் உதவுகிறது. எளிமையான, அழகான யோசனை! (பிரான்சின் ஏர் லிக்விட் நிறுவனத்தாரும் 1957இலேயே இதையொத்த முறைக்கு விண்ணப்பித்திருந்தனர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போய் அப்போது மூன்றே ஆண்டுகள்.)

இதற்கும் விலை உண்டு. அமுக்கிய காற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் கோபுரத்தைக் கழுவவே போய்விடும். உறைபனி காணாத ஊருக்கு மைனஸ் 40 டிகிரி பனிநிலை எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. சாதாரணப் பட்டறைக்குக் குளிரூட்டி உலர்த்தும் இயந்திரமே போதும். ஆனால் காரைக்கால் மேலவாஞ்சூரில் கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலை காஸ்டிக் சோடாவோடு குளோரினும் தயாரிக்கிறது. குளோரின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி எஃகைத் தின்னும். ஆகவே திரவக் குளோரினைத் தொட்டியிலிருந்து தள்ளக் காற்றைப் பயன்படுத்தும் இடங்களில் அந்த மைனஸ் 40 அளவு கட்டாயமாகிறது.