ஒரே நாளில் இரண்டு மைதானம்

ஆலத்தியூர்த் தரிசில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எல்லாருக்கும் மட்டை பிடிக்கத்தான் ஆசை. வெயிலில் ஓடி ஓடிப் பந்து போடுகிறவனை யார் கவனிக்கிறார்கள்? நம் எம். ஜே. கோபாலன் அப்படிப் பந்து போட்டவர்தான். செங்கற்பட்டு ஜில்லா மோரப்பாக்கத்தில் 1909-இல் பிறந்தவர். ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களின் முதல் பந்தை வீசிய கை அவருடையது: 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், எதிரே மைசூர். (அன்று விக்கெட்டுகளை அள்ளியவர் என்னவோ ராம்சிங். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது!)

மனிதர் ஹாக்கியிலும் சூரர். 1935-இல் தியான்சந்த் தலைமையில் நியூஸிலாந்து போய் வந்தார். மறு வருஷம் வந்தது சோதனை. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி; இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பிரயாணம். கோபாலன் கிரிக்கெட்டோடு போனார். அதுவரை அவர் ஆடியிருந்தது ஒரே ஒரு டெஸ்ட், 1934-இல் கல்கத்தாவில். இன்னொன்று ஆட ஆசையிராதா?

விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் சென்ற அந்தக் கோஷ்டியில் உட்பகைக்குக் குறைவில்லை. அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டெஸ்டுகள் மூன்று, ஒன்றிலும் கோபாலனுக்கு இடமில்லை. ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் அவரில்லாமலே தொடங்கியது. அதே தினம் பெர்லினில் நம் ஹாக்கிக்காரர்கள் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். விதிக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

பிறகு அவர் டெஸ்ட் ஆடவேயில்லை. சென்னைக்காக வருஷக்கணக்கில் பந்து வீசினார். சென்னைக்கும் இலங்கைக்கும் 1952-53-இல் தொடங்கிய பந்தயக் கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2003 டிசம்பரில் காலமானார்.