வண்டிச்சத்தம் ஓசையன்று

மாட்டு வண்டிக்குத் தரும் வாடகையான வண்டிச்சத்தம் என்பது சக்கரமும் மாட்டு மணியும் எழுப்பிய சத்தத்துக்குக் கொடுத்த காசு என்று ஒரு விளக்கம் மேடைதோறும் உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கலாம், சொல்லாராய்ச்சி ஆகாது. ஓசைக்குத்தான் காசு என்றால், தறி ஓட்டியவர் பெற்றதும் நெல் குத்தியவள் பெற்றதும் சத்தம் என்றே வழங்கியிருக்க வேண்டும். அவை கூலியாகவே நின்றன. சத்தம் வண்டியோடுதான் ஒட்டிக்கொண்டது. அதன் வேரைப் போக்குவரத்தில்தான் தேட வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையைத் திறந்தால் போதும். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், உல்கு என்னும் சுங்கம் வாங்கும் பெருவழியில் செல்வதை உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். உல்கு அரசனுக்குரியது, குறளின் 756ஆம் பாட்டும் அதை அரசன் பொருளாகவே எண்ணுகிறது. சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு உரியது எது? சாத்துக்குக் கொடுத்தது சத்தம் என்று கொள்ளலாம். கோவலன் தந்தை மாசாத்துவான் பெயரிலும் இந்தச் சாத்தே இருக்கிறது. நெடில் குறுகுமா என்பார்க்குக் காண்-கண்டு, வா-வந்து என்பனவே விடை. சாத்தே வடமொழி ஸார்த்தத்தின் திரிபு என்பார் உளர். அது சாத்தின் பிறப்பைப் பற்றிய வழக்கு. சத்தத்தின் பிறப்பை அது தடுக்காது.

கூலியும் இப்படிப் பிறந்ததே. கூலமாக, அதாவது தானியமாக, அளந்தது கூலி என்பர். மணிமேகலை ஆசிரியர் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலமும் சாத்தும் ஒருவர் பெயரிலேயே சேர்ந்து நிற்கின்றன. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற சேலம் செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜார் மண்டிகளில், இன்றும் மூட்டை இறக்கக் கூலி வேறு, கொண்டுவந்த வண்டிக்கு வாடகை வேறு. சொற்கள் இரண்டாக இருப்பது வேலைகள் இரண்டாக இருப்பதால்.

பிறகு ஏன் சத்தம் பஸ் ஏறவில்லை? வண்டிச்சத்தம் முழு வண்டிக்குப் பேசி முடிப்பது. பஸ் சார்ஜ் ஆளுக்கு இவ்வளவு, ஸ்டேஜுக்கு இவ்வளவு என்று முன்பே அச்சிட்டது. பேரம் போன இடத்தில் பேரத்தின் சொல்லும் போயிற்று. 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. அந்தக் கழகத்தின் டவுன் பஸ் கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துத் தந்த, விலைக்கொரு நிறமான மெல்லிய தாள் டிக்கெட் ஆயிற்று. ஒட்டிய துண்டு என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி ஆங்கிலத்துக்கு வந்தது அது.

ஆனால் டிக்கெட் சான்று, சத்தம் விலை. இரண்டும் ஒன்றல்ல என்பதை 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசமாக ஏறும் பெண்கள் நாள்தோறும் காட்டுகிறார்கள்: கையில் டிக்கெட் உண்டு, கொடுத்த காசு இல்லை. விலையைக் குறிக்க நமக்குத் தனிச்சொல் இருந்தது. சாத்து நடந்த பெருவழியில் பிறந்த சொல் அது என்பதே என் துணிபு. அதை ஓசை என்று சொல்லிக் கொச்சைப்படுத்துவதை இனியாவது நிறுத்த வேண்டும்.