உங்க வீட்டுக் குப்பை எந்த ஊருக்குப் போகுது?

``குப்பை வண்டி வந்துடுச்சு, சீக்கிரம் எடுத்துட்டு வா!'' - காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் வாளியோடு ஓடுகிறோம். கொட்டியதும் ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு அந்தக் குப்பை எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பல நேரங்களில் அது உங்கள் ஊர் எல்லையையே தாண்டிவிடுகிறது.

ஏரிக்கரையில் தொடங்கிய கதை

சென்னையின் தெற்குப் புறநகரைப் பாருங்கள். பல்லாவரம் நகராட்சி பெரிய ஏரியில் கொட்டியது. சிட்லபாக்கம் பேரூராட்சி தன் ஏரிக்கரையில் கொட்டியது. தாம்பரத்துக்கு கன்னடபாளையம். ஆளுக்கொரு குப்பைமேடு! பிறகு பல்லாவரமும் தாம்பரமும் சேர்ந்து, வண்டலூர் பக்கமுள்ள வேங்கடமங்கலத்தில் பொதுவான இடத்துக்குக் குப்பையை அனுப்பின. 2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சியே உருவாகிவிட்டது.

ஏன் சேர வேண்டும்?

முறையான குப்பைக் கிடங்கு என்பது வெறும் பள்ளம் அல்ல. கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்காதபடி அடியில் தடுப்பு விரிப்பு, அந்த நீரை வெளியேற்றிச் சுத்திகரிக்கும் வசதி, எடைமேடை, தரம்பிரிக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். ஒரு பேரூராட்சி இதைத் தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான், சிறிய உள்ளாட்சிகள் சேர்ந்து பொதுவான கிடங்கு அமைக்க 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வழிசெய்தன.

சிக்கல் எங்கே?

``உங்க ஊர்க் குப்பையை எங்க ஊர்ல ஏன் கொட்டுறீங்க?'' என்ற கேள்வி நியாயமானதுதானே? துர்நாற்றம், நிலத்தடி நீர் பாதிப்பு என்று வேங்கடமங்கலத்திலும் மக்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். தரம்பிரிக்காமல் வரும் குப்பைதான் இதில் பெரிய வில்லன். சாம்பாரும் பிளாஸ்டிக்கும் கலந்துவிட்டால் உரமும் ஆகாது, மறுசுழற்சிக்கும் போகாது. ஈரக்குப்பையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவது டீசலுக்குத்தான் கேடு.

எனவே, எல்லாவற்றையும் பகிர வேண்டியதில்லை. ஈரக்குப்பை அந்தந்த வார்டிலேயே உரமாகலாம். மறுசுழற்சிக்கு உதவாத, எரியக்கூடிய உலர் கழிவு சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகலாம். எதற்கும் உதவாத மிச்சம் மட்டும் பொதுக் கிடங்குக்குப் போனால் போதும்.

நீங்க என்ன செய்யலாம்?

* ஈரக்குப்பையை பாலித்தீன் கவரில் முடிச்சுப் போட்டுத் தராதீர்கள். வாளியிலேயே கொட்டுங்கள்.

* பால் கவர், தயிர் டப்பாவை ஒருமுறை அலசிக் காயவைத்து, உலர் குப்பையில் போடுங்கள்.

* நாப்கின், டயாப்பரைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். கையால் பிரிப்பவரும் நம்மைப் போன்ற மனிதர்தான்.

* பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மருந்துகளைத் தனி டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

* பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களா? வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ``நம்ம குப்பை எந்த ஊருக்குப் போகுது, அங்கே என்ன ஆகுது?'' என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

நம் வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. செய்யாமல் விட்டால், அதன் நாற்றம் பக்கத்து ஊர்க்காரர் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் நுழையும்.